பட்டியலில் கோல்ஃப் இருந்தது

“நோயாளி தம் அன்றாட வாழ்வில் வழக்கமாகச் செய்யும் அசைவுகள் அனைத்தையும் அவர் சொல்லக் கேட்டுப் பதிவு செய்த பின்னரே கணினி மாதிரி உருவாக்கப்பட வேண்டும். இதுகுறித்து நோயாளி எழுத்து மூலம் விண்ணப்பித்தால், பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்பட வேண்டும்.”

எர்ணாகுளத்தில் என் இடுப்பு மூட்டை மாற்றவிருந்த தனியார் மருத்துவமனையின் கையேட்டில் இது பதினோராவது விதி. கையேடு என்று ஒன்று இருக்கிறதா என்று நோயாளிகள் யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் அதைத் தேடி எடுப்பதற்குள், எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பிறர் எழுதிய குறிப்புகளில் விதி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே ஓய்வுபெற்றவன் நான். காத்திருப்பது எனக்குப் புதிதில்லை. மற்றவர்களைக் காக்க வைப்பதும் அப்படித்தான்.

மாதிரி என்று அவர்கள் சொல்வது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பை ஸ்கேன் செய்து, அந்தப் படங்களைக் கொண்டு இடுப்பெலும்பையும் தொடையெலும்பையும் கணினிக்குள் அப்படியே கட்டிவிடுகிறார்கள். உண்மையான மூட்டில் கத்தி வைக்கும் முன்னால், அந்தக் கணினி மூட்டில் செயற்கைக் கிண்ணத்தைப் பொருத்திப் பார்க்கிறார்கள். எந்த அளவு, எந்தச் சாய்வு என்று முடிவு செய்து, அதை நடக்க விடுகிறார்கள், உட்கார விடுகிறார்கள். எலும்போடு எலும்பு எங்கேயாவது இடித்தால் அந்த இடம் சிவப்பாகிறது. இடித்தால், தொடையெலும்பில் பொருத்தும் பந்து கிண்ணத்தை விட்டு நழுவும். ஆகவே சாய்வை மாற்றுகிறார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கையையாவது இப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் நாடு எவ்வளவோ பிழைத்திருக்கும்.

மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அறுபத்தெட்டு வருடங்களாக என்னோடு இருந்த ஒன்றை அன்றுதான் முதலில் பார்த்தேன். தந்த நிறத்தில், சதையும் துணியும் இல்லாமல், யாருடையது என்று சொல்ல முடியாதபடி இருந்தது. அது நடந்தது. படி ஏறியது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தது. காரில் ஏறி இறங்கியது. குனிந்து ஷூ கயிறு கட்டியது. கடைசியாக, இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டு இடுப்பை ஒரு திருகு திருகியது.

இது என்ன என்று கேட்டேன். கோல்ஃப் என்றார்.

மட்டாஞ்சேரியில், மூடிக்கிடக்கும் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேல்மாடியில் நான் வசிக்கிறேன். கார் வாங்கியதில்லை; வாங்கியிருந்தாலும் எங்கள் சந்துக்குள் அது வராது. ஷூவை ஓய்வுபெற்ற அன்றே கழற்றிவிட்டேன். கோல்ஃப் ஆடுபவர் ஒருவரோடு கைகுலுக்கிய நினைவுகூட இல்லை. மென்பொருளோடு வந்த பட்டியலில் இருந்த எல்லாவற்றுக்கும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், யாரோ ஒருவர் சரி போட்டிருக்கிறார். நான் தினமும் ஐந்து வேளை செய்த ஒன்று மட்டும் பட்டியலில் இல்லை.

தொழுகையில் சஜ்தா என்று ஒன்று உண்டு. முழங்கால்களைத் தரையில் ஊன்றி, கைகளை வைத்து, நெற்றியைத் தரையில் பதிப்பது. அப்போது தொடை வயிற்றை நோக்கி மடங்கும் அளவுக்கு நாற்காலியிலோ காரிலோ மடங்குவதில்லை. மருத்துவரிடம் சொன்னேன். அவர் விவரமுள்ள மனிதர். ஆபரேஷனுக்குப் பிறகு வலியில்லாமல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம், தரையை மட்டும் மறந்துவிட வேண்டும் என்றார். உங்களில் முடியாதவர்கள் நாற்காலியில் இருந்து தொழலாம் அல்லவா, அனுமதி இருக்கிறதே என்றும் கேட்டார்.

இருக்கிறது. அந்த அனுமதியின் எல்லா உட்பிரிவுகளும் எனக்குத் தெரியும். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாதவர் படுத்துத் தொழலாம், அதுவும் முடியாதவர் சைகையால் தொழலாம். இவ்வளவு இரக்கமான விதிகளை நான் வேறெந்தத் துறையிலும் கண்டதில்லை. என் சிக்கல் அனுமதியில் இல்லை, நாற்காலியில் இருந்தது.

மனைவி இறந்த பிறகு நான் தனியாக இருக்கிறேன். மகன் டொரண்டோவில் இருக்கிறான். ஞாயிறுதோறும் திரையில் வந்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்பான். பால் பாக்கெட் கதவில் தொங்கும். மளிகை ஆப்பில் வரும். பேருந்து நடத்துநர் சில்லறையை உள்ளங்கையில் படாமல் போடும் வித்தையைப் பழகியிருக்கிறார். ஒரு நாளில் இன்னொரு மனிதர் என்னைத் தொட்டாரென்றால், அது பள்ளிவாசல் வரிசையில்தான். வரிசையில் இடைவெளி விடக்கூடாது; தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். சஜ்தாவுக்குப் போகும்போது முழங்கை முழங்கையில் உரசும். எழுந்தால் மறுபடி தோள். யாரும் அதைத் தொடுதல் என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை, நாற்காலிக்குப் போகும் வரை.

வலி வந்த புதிதில் ஒரு நாள் பிற்பகல் அஸர் தொழுகையில் சஜ்தாவிலிருந்து எழ முடியாமல் இருந்துவிட்டேன். என் வலது பக்கம் எப்போதும் நிற்பவர் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார். இஞ்சிக் கிடங்கில் எடை போடுகிறவர்; ஐம்பது வயதிருக்கும். பல வருடங்களாகப் பக்கத்தில் நின்றிருக்கிறோம். பெயர் கேட்டுக்கொண்டதில்லை.

“சாரே, இனி இதுல இரிங்க. வய்யாத காலு வச்சிக்கிட்டு கஷ்டப்படண்டா” என்றார், தமக்கே உரிய மலையாளம் கலந்த தமிழில்.

அன்பாகச் செய்ததுதான். நாற்காலி வரிசையை உடைக்கக்கூடாது என்பதால், அதை ஓரத்தில், தூணை ஒட்டிப் போட வேண்டும். ஒரு பக்கம் தூண். மறுபக்கம் நாற்காலியின் கை. அதற்கப்பால் ஒரு முழம் தள்ளி அடுத்த மனிதர். எல்லோரும் சஜ்தாவுக்குப் போகும்போது, நான் மட்டும் பள்ளிவாசல் முழுவதும் வளைந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உயரத்தில் இருந்தேன். மேலதிகாரியாக இருந்த காலத்தில்கூட எனக்கு அவ்வளவு உயரமான இருக்கை கிடைத்ததில்லை. திரும்ப வரிசைக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் ஆபரேஷனுக்கே சம்மதித்தேன். அந்த ஆபரேஷன்தான் என்னை நிரந்தரமாகத் தூணோடு சேர்த்துவைக்கும் என்றார் மருத்துவர்.

ஆகவே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. விதி பதினொன்றை மேற்கோள் காட்டி, எலும்பு மூட்டுத் துறைத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். என் மாதிரியைச் சஜ்தாவில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற சாய்வு உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பதினைந்து நாள் கழிந்தது. நினைவூட்டல் எழுதினேன். அதன்மேல் ஒரு நினைவூட்டல். விண்ணப்பம் எங்கே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு அலுவலகத்திலும், மறுக்கவும் முடியாத, ஏற்கவும் மனமில்லாத காகிதங்களுக்கென்று ஒரு மேசை இழுப்பறை இருக்கும். இரண்டாவது இழுப்பறை. முதலாவதில் பேனா வைப்பார்கள்.

நேரில் போய்த் துறை வாசலில் உட்கார்ந்தேன். மூன்றாவது முறை போனபோது, மாதிரிகளைக் கட்டும் பொறியாளரே வெளியே வந்தார். மதுரைப் பக்கத்துப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். தமிழ் பேச ஆள் கிடைத்ததில் அவருக்குத்தான் அதிக சந்தோஷம்.

“சார், உங்க லெட்டர நான் படிச்சேன். நியாயம்தான். ஆனா மென்பொருள்ல அந்த அசைவே இல்ல. எலும்பு உங்களுது இருக்கு, அது எப்படிக் குனியணும்னு சொல்லிக் குடுக்க ஆள் வேணும்” என்றார்.

விளக்கமாகச் சொன்னார். நடப்பது, படி ஏறுவது எல்லாம் எங்கோ யாரோ நடந்து, ஏறி, கேமராவில் பதிவானவை. அந்த அசைவைத்தான் என் எலும்புக்கு மாட்டுகிறார்கள். சஜ்தாவையும் அப்படிப் பதிவு செய்தால் மாட்டிவிடலாம். என்னால் இப்போது குனிய முடியாது. எனவே வலியில்லாமல் குனியக்கூடிய ஒருவர் வேண்டும். என் உயரம், என் வாகு இருந்தால் நல்லது.

“உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல உங்க உயரத்துல யார் சார் இருக்காங்க?”

படகில் திரும்பும்போது அதையே யோசித்தேன். தெரிந்தவர்கள் என்று நினைத்தவர்களில் பலர் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்தவர்களின் உயரம் நினைவில்லை. ஒருவருடைய உயரம் மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பல வருடங்களாக அவர் தோளும் என் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

அன்று அஸர் முடிந்ததும் பள்ளிவாசல் எதிரே சாயாக்கடையில் அவரைப் பிடித்தேன். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கிளாஸை வைத்துவிட்டு யோசித்தார்.

“அப்ப, என் சுஜூத எடுத்து உங்க இடுப்புல மாட்டப் போறாங்க.” சஜ்தாவை அவர் சுஜூது என்பார்.

“கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற இடுப்புல.”

“அப்ப அதுக்கான கூலி ஆருக்கு சாரே? எனக்கா, உங்களுக்கா, கம்ப்யூட்டருக்கா?”

இறைவன் தரும் நற்கூலியைத்தான் கேட்டார். இதற்கு விதி ஏதும் இல்லை என்றேன். விதி இல்லாத விஷயங்களில் நான் கருத்துச் சொல்வதில்லை. அவர் சிரித்தார். கிடங்கில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். படகுக் கட்டணத்தை நான் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னார். எனக்கு அதில் வாதாட விதி கிடைக்கவில்லை.

பதிவு அறையைச் சுற்றிலும் கேமராக்கள். பொறியாளர் எடைக்காரரிடம் ஒரு அரைக்கால்சட்டையை நீட்டினார்; முழங்காலும் தொடையும் கேமராவுக்குத் தெரிய வேண்டுமாம். தொழும்போது தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைந்திருக்க வேண்டும் என்று இவர் மறுத்தார். கடைசியில் பிசியோதெரபிக்காரர் ஒருவரின் இறுக்கமான முழுக்கால்சட்டையில் சமாதானம் ஆனது. இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் பளபளக்கும் சிறு உருண்டைகளை ஒட்டினார்கள். எல்லாம் ஒட்டி முடித்ததும், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கத் தண்ணீர் எங்கே என்று கேட்டார். கால் கழுவியதில் கணுக்கால் உருண்டைகள் நீரோடு போய்விட்டன. ஒரு நர்ஸ் அவற்றைச் சாக்கடை வலைமேல் இருந்து பொறுக்கினார்.

பிறகு திசை. தரையில் அவர்கள் ஒட்டியிருந்த கோடு வாசலைப் பார்த்து, கிழக்கே போனது. இவர் போனை எடுத்து மக்கா இருக்கும் கிப்லா திசையைப் பார்த்து, மேற்கே கொஞ்சம் வடக்குச் சாய்ந்து நின்றுகொண்டார். அந்தப் பக்கம் நின்றால் இரண்டு கேமராக்களுக்கு முதுகு மட்டும்தான் தெரியும்.

“சார், நீங்க சொல்லுங்க. நிஜமா தொழ வேண்டாம். குனிஞ்சு எழுந்தாப் போதும்” என்றார் பொறியாளர் என்னிடம்.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “சும்மா தரையில நெத்தி வைக்க எனக்கு அறியாது மோளே” என்றார் அவர். “வச்சா தொழுகைக்குத்தான் வைப்பேன். மதியம் ஆச்சு, லுஹர் தொழுகைக்கு சமயம். நீங்க உங்க கேமராவத் திருப்புங்க.”

திருப்பினார்கள். அரை மணி நேரம் ஆனது. எனக்குத் தெரிந்து, ஒரு நிறுவனம் ஒரு மனிதனுக்காகத் தன்னைத் திருப்பிவைத்துக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அவர் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். முதல் சஜ்தா முடிந்ததும், இடது முழங்கால் சரியாகப் பதிவாகவில்லை, இன்னொரு முறை குனியுங்கள் என்று பொறியாளர் சொன்னார். குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். தொழுதுகொண்டிருந்தவர் தம் வேகத்தில் அடுத்ததற்குப் போனார். அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தார். அவர் இப்போது உங்கள் அலுவலகத்தில் இல்லை, முடிந்ததும் வருவார், குனிவது இன்னும் பலமுறை இருக்கிறது என்றேன். மூன்று கேட்ட இடத்தில் எட்டுக் கிடைத்தது.

முடிவில் அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பிச் சலாம் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர். பிறகு இடப்பக்கம். அங்கே நான், நோயாளிகளுக்கான நாற்காலியில், பழைய இடத்தில் இருந்தேன்.

திரும்பும்போது படகுத்துறையில் தம் எண்ணைக் கொடுத்தார். பதில் வந்தால் சொல்ல வேண்டும் என்றார். போனில் பெயர் கேட்கும் கட்டத்தில் என் விரல் நின்றது. இத்தனை வருடம் கழித்துப் பெயர் என்ன என்று கேட்க ஒரு வயது வேண்டும். எனக்கு அது கடந்துவிட்டது. ‘வலது தோள்’ என்று பதிந்துகொண்டேன்.

சில வாரங்களில் பொறியாளர் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். என் எலும்புதான். ஆனால் அதன் குனிவு என்னுடையதில்லை. இடது முழங்கால் முதலில் தரையைத் தொட, வலது ஒரு கணம் தயங்கிப் பின்னால் வந்தது. நெற்றி வைத்ததும் இடுப்பு இன்னும் கொஞ்சம் தாழ்ந்து நிலைகொண்டது. அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று ஓரக்கண்ணால் பார்த்து, பார்த்ததாகவே தெரியாமல் மனதில் தங்கியிருந்தது. மருத்துவர் குறித்திருந்த சாய்வில் எலும்பு சிவந்தது. பொறியாளர் கிண்ணத்தைச் சில பாகைகள் முன்பக்கம் திருப்பினார். மறுபடி குனியவிட்டார். சிவப்பு வரவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னேன். நான் கேட்காமலே மூன்றாவது முறையும் போட்டார்.

“என் வேலை முடிஞ்சது சார். இந்தச் சாய்வுல வேற எங்க இடிக்குதுன்னு பாத்து டாக்டருங்க ஒத்துக்கணும். எழுத்துல வந்தாத்தான் பிளான் மாறும்” என்றார்.

எழுத்தில் வருவதன் அருமை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காத்திருந்தேன். வலி கூடியது. மாடிப்படியை ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று குறைத்தேன். பள்ளிவாசலுக்கு அஸர் மட்டும் என்று ஆனது. பழைய திட்டப்படியே செய்துகொண்டு வலியிலிருந்து விடுபடச் சொல்லி மகன் திரையில் அறிவுறுத்தினான். தரையில் என்னதான் இருக்கிறது என்று கேட்டான். நல்ல கேள்வி, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியதில்லை.

இடையில் இஞ்சிக் கிடங்கின் முதலாளி கட்டிடத்தை ஒரு ஹோட்டலுக்குக் கொடுத்துவிட்டார். பழைய மரக்கதவுகளை விட்டுவிட்டு உள்ளே வெளிநாட்டவருக்கு அறைகள் வருகின்றன. வியாபாரம் பெரும்பாவூர்ப் பக்கம் போயிற்று. எடைக்காரரும் அதோடு போனார். கடைசி நாள் அஸருக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்து, குனிந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பதில் வந்தா பறயணும் சாரே. என் சுஜூது என்னாச்சுன்னு எனக்கும் அறியணுமே” என்றார். அவர் இடத்தில் இப்போது ஒரு கல்லூரி மாணவன் நிற்கிறான்.

பதில் தபாலில் வந்தது. பதினைந்து நாள் ஐந்து மாதமாகியிருந்தது. கடிதத்தில் போட்டிருந்த தேதிக்கும் அது என் கைக்கு வந்ததற்கும் இடையில் இன்னும் பன்னிரண்டு நாள். பார்வையில் காணும் தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. சஜ்தாவுக்கு ஏற்ற சாய்வில் கிண்ணத்தைப் பொருத்த இயலும். தசைகள் தேறிய பின், மருத்துவர் சொல்லும் காலத்துக்குப் பிறகு, முழங்கால்களைச் சற்று அகட்டி வைத்துத் தரையில் நெற்றி பதிக்கலாம். ஆனால் இந்தச் சாய்வில், நின்றபடி காலைப் பின்னால் ஊன்றி இடுப்பைப் பலமாகத் திருகினால் மூட்டு முன்பக்கமாக நழுவும் அபாயம் கூடுதல். எனவே நோயாளி இனி கோல்ஃப் விளையாடுவதை நிரந்தரமாகக் கைவிட வேண்டும். சம்மதமெனில் கீழே கையெழுத்திடவும்.

இரண்டு முறை படித்தேன். பிழை ஒன்றுமில்லை. விதி எண்கூடச் சரியாகப் போட்டிருந்தார்கள். கையெழுத்திட்டேன். பிறகு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. டொரண்டோவில் அப்போது விடிந்திருக்காது. ‘வலது தோளை’ அழைத்தேன்.

பின்னால் லாரி இரைச்சல். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. குனியலாமாம் என்றேன். கோல்ஃப் மட்டும் கூடாதாம்.

“அது என்னா?”

“ஒரு விளையாட்டு. பந்தைக் கம்பால அடிச்சு, அதுக்குப் பின்னாலேயே நடந்து போறது.”

“அது போட்டும் சாரே” என்றார். பிறகு, “என் இடத்துல இப்ப ஆரு நிக்கிறது?”

“ஒரு பையன். என்னைவிட உயரம். அவன் தோள் எனக்குக் காது மட்டத்துக்கு வருது.”

அவர் ஏதோ சொல்ல வந்தார். யாரோ எடை கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிக் கூவியதும் கேட்டது. பிறகு அழைப்பு அறுந்தது. பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் முன் கடிதத்தை மறுபடி எடுத்து, எந்தக் காகிதத்துக்கும் செய்வது போல, வலது மேல் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, பிப்ரவரி 17, பிற்பகல்.